கடலிலிருந்து இரண்டாவது

…குழந்தையின் புட்டம் மாதிரி என்றான், அப்படியேதான் சொன்னான், பேரிங் குழந்தையின் புட்டம் மாதிரி வழவழவென்று இருக்கிறது என்று, சொல்லிவிட்டுத் தண்ணீர்க் கேனில் இரண்டு கோப்பை பிடித்துக் குடித்தான், வாயைத் துடைத்தான், போய்விட்டான், கதவைக்கூடச் சாத்தவில்லை. லிமாவிலிருந்து வந்திருக்கும் பழுதுபார்க்கும் குழுவின் ஆள். காலை ஆறு மணியிலிருந்து, மீன்மாவைக் காயவைக்கும் இரண்டாம் எண் டிரையரின் விசிறியைப் பிரித்துப் போட்டிருக்கிறார்கள், நான் அளந்து எழுதிய எண்களை நம்பி, அறிக்கையின் பதினோராம் பக்கத்தை நம்பி, அதில் சிவப்புக் கட்டத்துக்குள் நானே அடித்த வரியை நம்பி: எண் 2, ஷாஃப்டில் விரிசல் இருக்க வாய்ப்பு, உடனே நிறுத்தவும். நிறுத்தினார்கள், பிரித்தார்கள், உள்ளே ஒன்றுமில்லை. விசிறியைச் சுழற்றும் அந்த ஷாஃப்டுக்குச் சாயம் தடவி விளக்கடித்துப் பார்த்தார்களாம், ஒரு கீறல் இல்லை. "யாருங்க இதை அளந்தது, ஜோசியக்காரியா?" என்று கேட்டு என்னைப் பார்த்துத்தான் சிரித்தான், நான்தான் என்று தெரியாமல்… அல்லது தெரிந்தே. பத்து மணிக்குக் கூட்டம், இப்போது பத்து இருபது, ஆலை மேலாளர் வரவில்லை, பத்து என்றால் பத்தரை என்பது சிம்போதே துறைமுகத்தில் நாய்க்கும் தெரியும், நாங்கள் மட்டும் ஒன்பதே முக்காலுக்கே வந்து உட்கார்ந்திருக்கிறோம், ஆலோசகர்கள் என்பதால், காத்திருப்பதையும் தொழிலின் பகுதியாகச் செய்ய வேண்டும் என்பதால்.

எதிரே பரந்தியாரான் லேப்டாப்பிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. என் மேலதிகாரி, இந்தக் கடற்கரையில் அவர் போகாத ஆலை இல்லை, அறிக்கையின் கடைசியில் இருக்கும் முத்திரையும் சங்க எண்ணும் அவருடையவை, என் பெயர் அதற்கு மேலே சின்ன எழுத்தில் 'கள அளவீடு' என்ற இடத்தில் இருக்கிறது, எனக்கு இன்னும் பொறியாளர் சங்கத்தில் எண் இல்லை, பட்டம் மட்டும்தான். "நோர்கா, பதினாலாவது ஸ்லைட்ல 'ஆரம்பநிலைத் தேய்மானம்'னு மாத்திடு" என்றார். பிரித்துப் பார்த்த ஆள் தேய்மானமே இல்லை என்கிறாரே சார் என்றேன். "கண்ணுக்குத் தெரியாததாலதானே அது ஆரம்பநிலை? கண்ணுக்குத் தெரிஞ்சா அவங்களே பாத்துக்க மாட்டாங்களா, நம்மள எதுக்குக் கூப்பிடுறாங்க?" மாற்றினேன். என் விரல்கள் மாற்றின, நான் பார்த்துக்கொண்டிருந்தேன். முதல் வாரப் பயிற்சியிலேயே சொல்லிக்கொடுத்துவிட்டார்கள், தவறு என்று எழுதாதே, திருத்தம் என்று எழுது, தெரியாது என்று சொல்லாதே, சரிபார்த்துக்கொண்டிருக்கிறோம் என்று சொல், வாடிக்கையாளர் முகத்தைப் பார், கையைப் பார்க்காதே. ஐந்து வருடம் படித்த வெப்ப இயக்கவியலில் இது ஒன்றும் வரவில்லை. தகுதிகாண் காலம் மூன்று மாதம், அது வெள்ளிக்கிழமை முடிகிறது, இன்று செவ்வாய், வெள்ளிக்கிழமை ஒரு கையெழுத்து, அது விழுந்தால் நான் ஆலோசகர், விழாவிட்டால்… விழாவிட்டால் என்ன, அம்மாவிடம் என்ன சொல்வது, அம்மா ஏற்கெனவே சந்தை முழுக்கச் சொல்லி முடித்துவிட்டாள்.

பதினொன்று புள்ளி எட்டு. அதுதான் அந்த எண். விநாடிக்குப் பதினொன்று புள்ளி எட்டு மில்லிமீட்டர் அதிர்வு, ஐந்துக்கு மேல் போனாலே கவலைப்பட வேண்டும், ஏழுக்கு மேல் நிறுத்த வேண்டும். மற்ற நான்கும் இரண்டு, மூன்று என்றுதான் காட்டின. சென்சார் பழுதா? இல்லை, அன்று காலையே சோதித்தேன். காந்தம் சரியாக ஒட்டவில்லையா, பெயிண்ட் உரிந்த இடத்தில் வைத்தேனா… மூன்று முறை வைத்து எடுத்தேன், மூன்று முறையும் பதினொன்றுக்கு மேல். அப்படியானால் நான் அளந்தபோது விரிசல் இருந்தது, இன்று இல்லை. இரும்பு தன்னைத் தானே ஒட்டவைத்துக்கொள்ளுமா? எங்கோ ஓர் இடத்தில் முட்டாள்தனம் இருக்கிறது, அது எனக்குள் எங்கோ இருக்கிறது, பல்லிடுக்கில் மாட்டிய மீன்முள் மாதிரி, நாக்கு போய்ப் போய் அதே இடத்தைத் தொடுகிறது, வெளியே வரவில்லை.

மூன்று வாரத்துக்கு முன், நான் அளந்த அன்று, வெயில். தோன் தெயோபால்தோ, டிரையர்களைப் பார்த்துக்கொள்ளும் ஆபரேட்டர், விசிறியின் சத்தத்துக்கு மேல் கத்திக் கத்திப் பேசியே தொண்டை கரடுதட்டியவர், என் பூட்ஸைப் பார்த்தார். முந்தைய நாள் அதை நடைபாதைக் கல்லில் அரை மணி நேரம் தேய்த்திருந்தேன், பழசாகத் தெரிவதற்காக, வெள்ளை ஹெல்மெட்டும் புது பூட்ஸும் போட்டுக்கொண்டு போனால் எவனும் மதிக்க மாட்டான் என்று அலுவலகத்தில் சொல்லியிருந்தார்கள். "இன்ஜினியரம்மா, கல்லுல தேச்சீங்களா?" என்றார். இல்லையே என்றேன். "மூக்கு மட்டும் தேஞ்சிருக்கு, குதிகால் புத்தம் புதுசா இருக்கு. நடக்குறவங்களுக்குக் குதிகால்தான் முதல்ல போகும். நீங்க என்ன, முட்டிபோட்டே வேலைக்கு வர்றீங்களா?" பக்கத்தில் இருந்தவர்கள் எல்லாம் சிரித்தார்கள், நானும் சிரித்தேன், காது சுட்டது. எந்த ஊர் என்று கேட்டார். லிமா என்றேன். ஏன் அப்படிச் சொன்னேன்? இந்த ஆலையிலிருந்து பன்னிரண்டு நிமிட நடையில் பிறந்தவள், மீன்மாவு ஆலைப் புகையைத் துவைத்த துணியோடு சேர்த்து உடுத்தி வளர்ந்தவள், லிமாவில் முதல் வருடம் வகுப்பில் நான் நுழைந்தால் பின் வரிசைக்காரர்கள் மூக்கைப் பிடிப்பார்கள், நெத்திலி வந்துட்டா, ஜன்னலைத் திற என்பார்கள், ஐந்து வருடம் வாசனை சோப்பு தேய்த்துத் தேய்த்து நெத்திலியைக் கழுவிவிட்டு வந்தால், இவர் எந்த ஊர் என்று கேட்கிறார், வாயில் லிமா என்று வந்துவிட்டது. நம்பினார். அதற்குப் பிறகு என்னிடம் எதையும் கேட்கவில்லை, எதையும் சொல்லவுமில்லை, லிமாக்காரர்களிடம் பேசும் மரியாதைக்கு மாறிவிட்டார்.

டிரையர்கள் ஐந்து, ஒரே வரிசை, ஒன்று போலவே ஐந்து. எண்கள் போன சீசனில் பெயிண்ட் அடித்தபோது மறைந்துவிட்டன, திரும்ப யாரும் எழுதவில்லை. வரைபடம் என் பையில் நாலாக மடித்து இருந்தது, எடுக்கவில்லை, ஏன் எடுக்கவில்லை, காற்று, ஆமாம் காற்று, நோட்டுப் புத்தகத்தின் தாள்களே நில்லாமல் படபடத்துக்கொண்டிருந்தன, பெருவிரலால் அழுத்திப் பிடித்துக்கொண்டுதான் எழுதினேன், அந்தக் காற்றில் வரைபடத்தை விரித்தால் பாய்மரப் பாய்தான். ஒன்று, இரண்டு, மூன்று என்று நடந்துகொண்டே எழுதினேன். தாள்கள் எந்தப் பக்கம் பறந்தன? இது என்ன கேள்வி… இல்லை, இதுதான் கேள்வி. தாள்கள் முன்னால் பறந்தன, என் உடம்பிலிருந்து விலகி முன்பக்கமாக, தலைமுடி ஹெல்மெட்டுக்கு அடியிலிருந்து முன்னால் வந்து வாயில் விழுந்தது, துப்பித் துப்பி எழுதினேன். காற்று முதுகில் இருந்திருக்கிறது. பகலில் இந்தக் கடற்கரையில் காற்று ஒரே இடத்திலிருந்துதான் வரும். நான் கடலுக்கு முதுகைக் காட்டி நடந்திருக்கிறேன். கடல் பக்கத்துக் கதவிலிருந்து உள்ளே வந்திருக்கிறேன்.

சுவரில் தீ விபத்தின்போது தப்பிக்கும் வழிகளைக் காட்டும் ஆலைப்படம் மாட்டியிருக்கிறது, அரை மணி நேரத்துக்கு மேலாக அதற்கு எதிரேதான் உட்கார்ந்திருக்கிறேன், பச்சை அம்புகளைப் பார்த்துக்கொண்டே. எழுந்து போய்ப் பார்த்தேன். டிரையர் 1, சாலைப் பக்கத்து வாசலை ஒட்டி. டிரையர் 5, கடலை ஒட்டி. வரைந்தவர்கள் லிமாக்காரர்கள், சாலை வழியாக வந்தவர்கள், வாசலில் இறங்கி முதலில் கண்ணில் பட்டதற்கு ஒன்று என்று எழுதினார்கள். இங்கே யாரும் அப்படி எண்ண மாட்டார்கள். படகு கடலிலிருந்து வருகிறது, நெத்திலி குழாய் வழியாகக் கடலிலிருந்து வருகிறது, எல்லாம் அங்கேதான் தொடங்குகிறது, எங்கள் தெருவில் வீட்டு எண் தகரத்தில் பொறித்துத் தொங்கினாலும் எவனும் அதைச் சொல்வதில்லை, கடலிலிருந்து நாலாவது வீடு, கடலிலிருந்து இரண்டாவது கடை, தேவாலயத்தில் அம்மா உட்காரும் பெஞ்சுகூட கடலிலிருந்து மூன்றாவது. ஐந்து வருட சோப்பில் அது மட்டும் போகவில்லை. நான் கடலிலிருந்து எண்ணி 2 என்று எழுதினேன், லிமாவில் உட்கார்ந்து அந்த 2-ஐ வரைபடத்தின் 2-க்கு நேரே நானே அடித்தேன், பரந்தியாரான் முத்திரை குத்தினார். மூன்று மட்டும்தான் எப்படி எண்ணினாலும் மூன்று. என்னுடைய இரண்டு இவர்களுடைய நான்கு. எண் 4, மிக நல்ல நிலையில் உள்ளது, எண் 2 நிற்கும் நாட்களில் கூடுதல் சுமையை இதற்கு மாற்றலாம்… அதையும் நான்தான் எழுதினேன். மாற்றிவிட்டார்கள். காலை ஆறு மணியிலிருந்து.

"சார்" என்றேன். சொன்னேன். காற்று, கதவு, நோட்டு, எல்லாம் குளறுபடியாக. பரந்தியாரான் லேப்டாப்பை மூடினார், அவர் மூடி நான் பார்த்ததில்லை. "எத்தனை சதவீதம்?" என்றார். என்ன சார்? "நீ கடல் பக்கமா வந்தேங்கிறது. எத்தனை சதவீதம் நிச்சயம்?" எழுபது என்றேன். ஏன் எழுபது, அந்த எண் எங்கிருந்து வந்தது, தொண்ணூறு என்று சொல்லியிருக்கலாம். "எழுபதுக்கு ஒருத்தனும் டிரையரை நிறுத்த மாட்டான். வெளியே மூணு படகு மீனோட நிக்குது. ரெண்டாம் நம்பர் ஏற்கெனவே பிரிச்சுக் கிடக்கு. இப்ப நாலாம் நம்பரையும் நிறுத்தச் சொல்லி, அதுவும் குழந்தை புட்டம் மாதிரி இருந்தா?" சுவரில் இருந்த ஆலைப்படத்தைத் திரும்பிப் பார்த்தேன். "கூட்டம் முடியட்டும். மத்தியானம் நீயும் நானும் மட்டும் சென்சாரோட போய் நாலாம் நம்பரை அளப்போம். அதிகமா இருந்தா, 'சுமை மாற்றத்துக்குப் பின் புதிய அவதானிப்பு'. யாருக்கும் தப்பாகாது." நல்ல யோசனைதான். கெட்டவர் இல்லை அவர், இரண்டு மணி நேரம்தான் கேட்கிறார், மூன்று வாரம் ஓடியது இரண்டு மணி நேரம் ஓடாதா. ஆனால் மூன்று வாரமாக அது சாதாரணச் சுமையில் ஓடியது. நான்கு மணி நேரமாகத்தான் இரட்டைச் சுமை. இரட்டை இல்லை, ஒன்றேகால்… கணக்குப் போடு, ஐந்தின் வேலையை நான்கு செய்தால் ஆளுக்கு ஒன்றேகால், ஆனால் கூடுதல் முழுவதையும் நாலிலேயே ஏற்றச் சொன்னால் அது இரட்டைதான். ஏற்றச் சொன்னது யார். பதினோராம் பக்கம்.

ஷாஃப்ட் உடைந்தால் விசிறி கூண்டைக் கிழித்துக்கொண்டு வரும். கல்லூரியில் ஒரு படம் காட்டினார்கள், வேறு நாட்டு ஆலை, விசிறியின் இதழ் ஒன்று செங்கல் சுவரைத் தாண்டி மறுபுறம் நின்ற லாரியில் செருகியிருந்தது, நாங்கள் வாய் பிளந்து பார்த்தோம், அதில் ஓர் அழகுகூட இருந்தது, ஆள் யாரும் படத்தில் இல்லாததால். தெயோபால்தோவின் மேசை அந்த விசிறியிலிருந்து மூன்றே எட்டுத் தூரம். அங்கேதான் பதிவேடு, அங்கேதான் அவருடைய சாப்பாட்டுப் பாத்திரம். கூட்டத்தில் சொல்லிவிட்டால் என்ன? மேலாளர் வருவார், நான் எழுந்து நின்று நான் தலைகீழாக எண்ணிவிட்டேன் என்பேன், பதினைந்து பேர் பார்ப்பார்கள், ஒப்பந்தம் போகும், பரந்தியாரானின் முத்திரைமேல் சங்கத்துக்கு ஒரு புகார்க் கடிதம் போகும், வெள்ளிக்கிழமை வராது. சொல்லாவிட்டால் அநேகமாக ஒன்றும் ஆகாது. அநேகமாக. ஒன்றும் ஆகாதபோது யாருக்கும் தெரியாது, எனக்கு மட்டும் தெரியும், அதோடு வாழ முடியுமா என்று கேட்டுக்கொண்டேன், முடியும் என்று உடனே பதில் வந்தது, அந்த வேகம்தான் எனக்குப் பிடிக்கவில்லை. இந்த வேலையில் அப்படித்தான் எல்லோரும் வாழ்கிறார்கள் போலிருக்கிறது. நடைக்கூடத்தில் மேலாளரின் சிரிப்புச் சத்தம் கேட்டது, யாரோடோ போனில் பேசிக்கொண்டே வருகிறார். எழுந்தேன். "எங்க போற?" என்றார் பரந்தியாரான். கழிவறைக்கு என்றேன். அவர் என்னை ஒரு கணம் அதிகமாகப் பார்த்தார், பிறகு லேப்டாப்பைத் திறந்தார். தெரிந்துதான் என்னைப் போகவிட்டாரா? தெரியாது, இன்னும் தெரியாது.

மாடிப்படியில் ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டே ஓடினேன், முற்றத்தைக் கடந்தேன், பிரித்துப் போட்ட விசிறியைச் சுற்றி லிமாக்காரர்கள் உட்கார்ந்து ரொட்டியும் வறுத்த மீனும் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள், ஒருவன் கையை ஆட்டினான், உள்ளே அந்தச் சத்தம், தரை நடுங்கியது, ஆனால் தரை எப்போதும் நடுங்கும், எந்த நடுக்கம் எந்த இயந்திரத்துடையது என்று காலால் பிரித்துச் சொல்ல முடியாது, அதற்குத்தானே சென்சார், சென்சாரை மேலேயே விட்டுவிட்டு வந்திருக்கிறேன். தெயோபால்தோ மேசையில் குனிந்து எதையோ எழுதிக்கொண்டிருந்தார். "நிறுத்துங்க" என்று கத்தினேன். காதைக் கொண்டுவந்தார். "டிரையரை நிறுத்துங்க!"

"எதை, இன்ஜினியரம்மா? அஞ்சு இருக்கு!"

"கடல்ல இருந்து ரெண்டாவது!"

நிமிர்ந்தார். என்னைப் பார்த்தார், பூட்ஸைப் பார்க்கவில்லை, முகத்தை. "லிமாக்காரங்க இப்படி எண்ண மாட்டாங்களே" என்றார். "எந்தப் பேட்டை?" மிராமார் என்றேன். "அட" என்றார், அவ்வளவுதான். நடந்து போய் உள்ளே மீன் வரும் வழியை அடைத்தார், சிவப்புப் பொத்தானை உள்ளங்கையால் அழுத்தினார். தாள் கேட்கவில்லை, கையெழுத்து கேட்கவில்லை, மேலாளருக்குப் போன் போடட்டுமா என்று கேட்கவில்லை, ஏன் என்றுகூடக் கேட்கவில்லை. கடலிலிருந்து நாலாவது என்று சொல்லியிருந்தால் அதையும் நிறுத்தியிருப்பார். ஓட்டு, ஏற்று, இன்னும் ஏற்று என்று சொல்லியிருந்தால்… சொல்லித்தான் இருந்தேன், காகிதத்தில், அதையும் செய்தார்.

அவ்வளவு பெரிய விசிறி உடனே நிற்காது. மெல்ல மெல்லத் தணிந்தது, ஐந்தின் இரைச்சலில் இரண்டு குறைந்ததும் மற்ற மூன்றும் அந்நியமாகக் கேட்டன, எங்கோ ஓர் எச்சரிக்கை மணி அடிக்கத் தொடங்கியது, மேலே கூட்ட அறையின் கண்ணாடிக்குப் பின்னால் தலைகள் எழுந்தன, முற்றத்தில் சாப்பிட்டுக்கொண்டிருந்தவர்களில் இருவர் ரொட்டியோடு வாசலில் வந்து நின்றார்கள். "இன்ஜினியரம்மா, இதையும் பிரிக்கவா? ஒரு வாரம் சாப்பாடு போடுவீங்கன்னா ஆலை மொத்தத்தையும் பிரிச்சுடுறோம்" என்றான் அந்தக் குழந்தைப் புட்டக்காரன். பிரியுங்க என்றேன், என் குரல் மாதிரி இல்லை. தெயோபால்தோ நின்றுபோன விசிறியின் கூண்டின்மேல் கையை வைத்தார், சூடு ஆறும் வரை எடுக்காமல். அதுக்கு என்ன ஆச்சு என்றார். ஷாஃப்டில் விரிசல் இருக்கலாம் என்றேன். "இருக்கலாமா?" இருக்கலாம். எழுபது சதவீதம் என்று அவரிடம் எப்படிச் சொல்வது, மீதி முப்பதில் நான் சாலைப் பக்கமாக வந்திருக்கிறேன், காற்று அன்று ஒரு நாள் மட்டும் திரும்பி வீசியிருக்கிறது, நல்ல இயந்திரங்கள் இரண்டும் சீசன் நடுவே பிரிந்து கிடக்கின்றன, மூன்று படகு நெத்திலி வெயிலில் அழுகுகிறது, படிக்கட்டில் பலர் இறங்கி வரும் சத்தம் கேட்கிறது. முதல் நட்டுக்கு ஸ்பானரைப் போட்டுவிட்டார்கள், அது அசைய மறுக்கிறது, ஒருவன் சுத்தியலால் தட்டுகிறான், உள்ளே அது இருக்க வேண்டும், ஒரு மயிரிழை அளவுக்காவது இருக்க வேண்டும், வெள்ளையாக, வளைந்து, சாயம் ஊறி, இன்னும் ஆழமாக இருந்தால் இன்னும் நல்லது, நாளைக்கே உடைந்திருக்கும் என்று அவர்கள் சொல்ல வேண்டும்… தெயோபால்தோ கையை எடுத்துத் தன் மேசையைப் பார்த்தார், மூன்று எட்டுத் தூரத்தை, பிறகு என்னை. "நல்லாவே இருந்துச்சுன்னா நல்லதுதானே, இன்ஜினியரம்மா?" என்றார்.

ஆமாம் என்று சொல்ல வாயைத் திறந்தேன்.